லாக் வரி எந்தக் கையில் தொலைந்தது? அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழிமுறை

நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏதோ தவறு நடக்கிறது. லாக்கை, அதாவது நிரல் தன் செயல்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டை, திறந்தால் அங்கே ஒன்றுமே இல்லை; அல்லது ஒரே செய்தி மும்மூன்று முறை இருக்கிறது; அல்லது டிஸ்க் நிரம்பி சர்வரே நின்றுவிட்டது. இந்த வேளையில் பெரும்பாலோர் முதலில் செய்வது, லாக் அமைப்புக் கோப்பைத் திறந்து எதையாவது மாற்றிப் பார்ப்பதுதான். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். ஒரு பிழை இரண்டாகப் பெருகியதே மிச்சம்.

ஒரு லாக் வரி நிரலில் பிறந்து உங்கள் கண்ணில் படுவதற்குள் பல கை மாறுகிறது. வரியைப் பெறும் லாகர் அதன் நிலையை, அதாவது அது எவ்வளவு முக்கியம் என்பதை, பார்த்து உள்ளே விடுகிறது. வரியை வெளியே எழுதும் ஹேண்ட்லர் மறுபடியும் பார்க்கிறது. பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் வரி சிறிது நேரம் காத்திருக்கிறது. கோப்புக்கோ, அடுத்த நிரலுக்குக் கொண்டுசெல்லும் குழாய்க்கோ (பைப்) போகிறது. அங்கிருந்து, லினக்ஸில் சேவைகளை ஓட்டும் சிஸ்டம்டியின் ஜர்னலோ, நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரோ, லாக்குகளை ஓரிடத்தில் திரட்டும் வேறொரு சேகரிப்பானோ அதை எடுத்துச் செல்கிறது. நடுவில் பழைய லாக்குகளைச் சுழற்றி ஒதுக்கும் லாக்ரொட்டேட் வந்து கோப்பின் பெயரையே மாற்றிவிட்டுப் போகிறது. எந்தக் கையில் வரி தொலைந்தது என்று தெரியும்வரை எதையும் மாற்ற வேண்டாம்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன உபாயம் போதும். வேறெங்கும் வராத ஒரு சொல்லை, "தடம்7731" என்பதுபோல, நிரல் தொடங்கி லாக் அமைப்பு முடிந்த உடனேயே எரர் நிலையில் ஒருமுறையும் இன்ஃபோ நிலையில் ஒருமுறையும் எழுதச் செய்யுங்கள். பிறகு அந்தச் சொல் எதுவரை வந்திருக்கிறது என்று ஒவ்வோர் இடமாகத் தேடுங்கள். கடைசியாகத் தென்பட்ட இடத்துக்கும் தென்படாத முதல் இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. உங்கள் அறிகுறி எதுவோ, கீழே அந்தப் பகுதிக்கு நேரே போகலாம்.

## எதுவுமே எழுதப்படவில்லை

எரர் நிலையில் எழுதியது வந்து, இன்ஃபோ நிலையில் எழுதியது வரவில்லை என்றால் நிலைதான் காரணம். பைதானின் லாகிங் நூலகத்தில் நிலைகளுக்கு எண்கள் உண்டு: டீபக் 10, இன்ஃபோ 20, வார்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. எல்லா லாகர்களுக்கும் மேலே இருக்கும் வேர் லாகரின் இயல்பு நிலை 30. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விட்டால் இன்ஃபோ வரிகள் சத்தமே இல்லாமல் கைவிடப்படும்.

"டீபக் ஆக்கிவிட்டேன், இன்னும் வரவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் லாகரை மட்டும் மாற்றியிருப்பார்கள். வாசல் இரண்டு இருக்கிறது. லாகர் 10 வரை திறந்திருந்தாலும் ஹேண்ட்லர் 30இல் நின்றால் வரி இரண்டாம் வாசலில் திருப்பி அனுப்பப்படும். இரண்டையும் பாருங்கள்.

எரர் வரி வருகிறது, ஆனால் நேரமோ லாகரின் பெயரோ இல்லாமல் மொட்டையாக வருகிறது என்றால் அது நல்ல தடயம். எந்த ஹேண்ட்லரும் பொருத்தப்படாத நிலையில், பைதான் 3.2 முதல், வார்னிங்கும் அதற்கு மேற்பட்டவையும் கடைசிப் புகலிடமாகப் பிழை வெளியீட்டில் (எஸ்டிடிஎரர்) அப்படித்தான் கொட்டப்படுகின்றன. அதாவது உங்கள் அமைப்பு ஏறவே இல்லை. ஏன் ஏறவில்லை? லாக்கை அமைக்கும் பேசிக்கான்ஃபிக் என்ற செயல்பாட்டுக்கு ஒரு குணம் உண்டு: வேர் லாகரில் ஏற்கெனவே ஒரு ஹேண்ட்லர் இருந்தால் அது எதையும் செய்யாமல், ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் திரும்பிவிடும். நீங்கள் இறக்குமதி செய்த நூலகம் ஒன்று முந்திக்கொண்டிருக்கலாம். அல்லது உங்கள் நிரலிலேயே எங்கோ ஒரு மூலையில் வேர் லாகர் வழியாக ஒரு வரி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கலாம். அந்த அழைப்பே பேசிக்கான்ஃபிக்கைத் தானாக இயக்கிவிடும். அப்போது ஹேண்ட்லர் இருக்கும், ஆனால் அது உங்களுடையதாக இருக்காது. வரியின் வடிவமும் நீங்கள் கேட்டதாக இருக்காது. பைதான் 3.8இல் வந்த ஃபோர்ஸ் என்ற விருப்பம் பழைய ஹேண்ட்லர்களைக் கழற்றிவிட்டு உங்கள் அமைப்பை ஏற்றும்.

பைதானில் இன்னொரு பொறி. அமைப்பைக் கோப்பிலிருந்தோ அகராதியிலிருந்தோ ஏற்றினால், அதற்கு முன்பு உருவாகிவிட்ட லாகர்கள் இயல்பாகவே ஊமையாக்கப்படும். இருக்கும் லாகர்களை முடக்கு என்ற பொருளுள்ள அந்த விருப்பத்துக்குப் பொய் என்ற மதிப்பைக் கொடுத்துவிடுங்கள். சில தொகுதிகள் மட்டும் பேசுகின்றன, மற்றவை மௌனம் என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

ஜாவாவில் எஸ்எல்எஃப்4ஜே வெறும் இடைமுகம். பின்னால் லாக்பேக் போன்ற உண்மையான நூலகம் எதுவும் வகுப்புப் பாதையில் இல்லையென்றால் எல்லா வரிகளையும் அது விழுங்கிவிடும். தொடக்கத்தில் ஒரே ஒருமுறை பிழை வெளியீட்டில் எச்சரிக்கை தரும். நிரல் தொடங்கியபோது வந்த முதல் சில வரிகளை யாரும் படிப்பதில்லை. இந்த ஒருமுறை படியுங்கள்.

எரர், இன்ஃபோ இரண்டுமே வரவில்லை என்றால் நீங்கள் தவறான கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். அமைப்பில் கோப்பின் பெயர் முழுப் பாதையாக இல்லாமல் வெறும் பெயராக இருந்தால், நிரல் எந்த அடைவிலிருந்து தொடங்கியதோ அங்கே கோப்பு பிறக்கும். உங்கள் டெர்மினலில் ஓட்டியபோது அது திட்டத்தின் அடைவு. சிஸ்டம்டி ஓட்டும்போது, நீங்கள் வேறு சொல்லாதவரை, அது வேர் அடைவு. அங்கே எழுத நிரலுக்கு அனுமதி இருக்காது. இருந்தாலும் அங்கே போய்த் தேட உங்களுக்குத் தோன்றாது. ஊகித்துக்கொண்டிருப்பதைவிட எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் ப்ராசஸ் எண்ணைக் கொடுத்து அது திறந்து வைத்திருக்கும் கோப்புகளைப் பாருங்கள். அந்தப் பட்டியல் பொய் சொல்லாது.

அனுமதி பற்றி ஒரு சொல். சோதனைக்காக யாரோ ஒருமுறை ரூட் பயனராக நிரலை ஓட்டியிருப்பார்கள். லாக் கோப்பு ரூட்டின் பெயரில் உருவாகியிருக்கும். மறுநாள் சேவை தன் சொந்தப் பயனராகத் தொடங்கும்போது அந்தக் கோப்பில் எழுத முடியாது. கோப்பின் உரிமையாளரைப் பார்த்தாலே விஷயம் முடிந்தது.

## டெர்மினலில் வருகிறது, கோப்பில் வரவில்லை; அல்லது தாமதமாக மொத்தமாக வருகிறது

இது பஃபரின் வேலை. வெளியீடு டெர்மினலுக்குப் போகிறது என்று தெரிந்தால் நிரல் வரிக்கு வரி வெளியே தள்ளும். கோப்புக்கோ குழாய்க்கோ போகிறது என்றால் ஒரு தொகுதி நிரம்பும்வரை கையிலேயே வைத்திருக்கும். லினக்ஸில் சி நூலகத்தை நம்பும் நிரல்களில் அந்தத் தொகுதி பொதுவாக 4096 பைட். உங்கள் வரி ஒவ்வொன்றும் 80 பைட் என்று வையுங்கள். 51 வரிகள் சேர்ந்த பிறகுதான் முதல் வரி கோப்பைத் தொடும். நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும் நிரலாக இருந்தால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெற்றுக் கோப்பையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நிரலைக் கில் 9 கொடுத்துக் கொன்றால் அந்தக் கையிருப்பு முழுவதும் போயிற்று. செத்த நிரல் சாவதற்கு முன் கடைசியாக என்ன சொன்னது என்பதுதான் உங்களுக்குத் தேவை. சரியாக அதுதான் கிடைக்காது.

பைதானில் பைதான்அன்பஃபர்டு என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுங்கள், அல்லது இயக்கும்போது சிறிய யூ விருப்பத்தைச் சேருங்கள். மூலநிரலைத் தொட முடியாத சி நிரல்களுக்கு எஸ்டிடிபஃப் என்ற கட்டளை பெரும்பாலும் உதவும்; ஆனால் நிரல் தன் பஃபரைத் தானே அமைத்துக்கொண்டால் அது செல்லாது.

இதில் ஒரு நுணுக்கம். பைதானின் லாகிங் நூலகத்து ஸ்ட்ரீம்ஹேண்ட்லர் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் பஃபரைக் காலி செய்கிறது. அது இயல்பாக எழுதுவதும் பிழை வெளியீட்டுக்குத்தான். எனவே தாமதமாக வருபவை அநேகமாக பிரிண்ட் வழியாக எழுதியவை. ஒரே நிரலில் பிரிண்டும் லாகிங்கும் கலந்திருந்தால் கோப்பில் வரிசை குலையும்: பின்னால் நடந்தது மேலேயும் முன்னால் நடந்தது கீழேயும் இருக்கும். அந்தக் குலைந்த வரிசையை நம்பி, இல்லாத பிழை ஒன்றைத் துரத்தி நான் ஒரு முழு நாளைச் செலவழித்திருக்கிறேன்.

பிழை வெளியீடு மட்டும் கோப்பில் இல்லையா? திருப்பிவிடும் வரிசையைப் பாருங்கள். முதலில் கோப்புக்குத் திருப்பிவிட்டு, அதன்பின் 2>&1 என்று எழுத வேண்டும். முன்னால் எழுதினால், பிழை வெளியீடு பழைய இடத்தையே, அதாவது டெர்மினலையே, பிடித்துக்கொண்டு நிற்கும். ஷெல் இவற்றை இடமிருந்து வலமாகப் படிக்கிறது.

கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெயில் கட்டளையின் வெளியீட்டை, சொல் தேடும் ஒரு கிரெப்புக்கும், அதன் வெளியீட்டை இன்னொரு கிரெப்புக்கும் கொடுத்துவிட்டு எதுவும் வரவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். நடுவில் இருக்கும் கிரெப் குழாய்க்கு எழுதுவதால் தொகுதி நிரம்பக் காத்திருக்கிறது. அதற்கு வரிக்கு வரி வெளியிடும் விருப்பம் தனியாக உண்டு.

## ஒரே வரி இரண்டு முறை, மூன்று முறை

எண்ணிப் பாருங்கள். எப்போதும் சரியாக இரண்டே முறை வந்தால், வரி வேருக்குக் கீழுள்ள மகன் லாகரில் ஒருமுறையும் மேலேறிப் போய் வேர் லாகரில் ஒருமுறையும் எழுதப்படுகிறது. பைதானில் வரிகள் இயல்பாகவே மேல்நோக்கிப் பரவும். மகன் லாகரிலிருந்து ஹேண்ட்லரை எடுத்துவிடுங்கள். பரவலை நிறுத்துவது இரண்டாவது வழி.

முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று என்று வளர்ந்துகொண்டே போனால் ஹேண்ட்லர் சேர்க்கும் வரி ஏதோ ஒரு செயல்பாட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு அழைப்பிலும் ஒன்று கூடுகிறது. அதைத் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் இடத்துக்கு மாற்றுங்கள்.

கோப்பில் ஒன்றுதான் இருக்கிறது, தேடும் திரையில்தான் இரண்டு தெரிகிறது என்றால் சேகரிப்பான் கோப்பையும் வெளியீட்டையும் இரண்டையுமே படித்துக்கொண்டிருக்கிறது. நிரலில் கை வைக்க வேண்டாம்.

## டிஸ்க் நிரம்பிவிட்டது. அழித்தும் இடம் திரும்பவில்லை

நள்ளிரவில் வரும் அழைப்புகளில் இதற்குத்தான் முதலிடம். ஒருமுறை எனக்கு வந்த அழைப்பில், பொறுப்பிலிருந்தவர் 40 ஜிபி லாக் கோப்பை ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தார். ஆனாலும் டிஸ்க்கின் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை 100 விழுக்காடு நிரம்பியதாகவே காட்டியது. டியூ கட்டளையால் அடைவுகளைக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. இரண்டு கணக்குக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஏறக்குறைய 40 ஜிபி.

லினக்ஸில் கோப்பை அழிப்பது என்பது அதன் பெயரை அடைவிலிருந்து நீக்குவது மட்டுமே. ஒரு ப்ராசஸ் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்க்கிலேயே இருக்கும். ப்ராசஸ் தொடர்ந்து அதில் எழுதிக்கொண்டும் இருக்கும். பெயரில்லாத அந்தக் கோப்பை டியூவால் பார்க்க முடியாது. டிஎஃப் மட்டும் அறியும். எல்எஸ்ஓஎஃப் கட்டளையைக் கூட்டல் குறியும் பெரிய எல்லும் 1ம் சேர்த்து இயக்கினால், பெயர் இழந்தும் திறந்திருக்கும் கோப்புகள், அவற்றின் அளவு, பிடித்திருக்கும் ப்ராசஸ் எல்லாம் வரிசையாக வரும்.

அந்த ப்ராசஸை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பிவிடும். மறுதொடக்கம் செய்ய முடியாத நிலை என்றால், ப்ராக் அடைவில் அந்த ப்ராசஸ் எண்ணின் கீழ் எஃப்டி என்ற உள்ளடைவில் கோப்பு இன்னும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் காட்டிய எண்ணைப் பிடித்து, அதையே வெறுமையாக்கலாம். அன்று இரவு இதைத்தான் செய்தோம், சேவை ஒரு நொடியும் நிற்கவில்லை. அடுத்த முறை ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாக்கை அழிக்காதீர்கள். ட்ரன்கேட் கட்டளையால் அளவை 0 ஆக்குங்கள்.

டிஎஃப் இடம் இருப்பதாகக் காட்டியும் எழுத முடியவில்லை என்றால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோடு என்ற உள் பதிவு தீர்ந்திருக்கலாம். டிஎஃப்புக்குச் சிறிய ஐ விருப்பம் கொடுத்துப் பாருங்கள். கோரிக்கைக்கு ஒரு கோப்பு என்று லாக் எழுதும் நிரல்கள் இந்த வினையைத் தேடிக்கொள்ளும்.

டாக்கர் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் இயல்பு லாக் இயக்கியான ஜேசன்ஃபைலுக்கு அளவு வரம்பு கிடையாது. கன்டெய்னர் வாழும்வரை கோப்பு வளர்ந்துகொண்டே போகும். அமைப்பில் ஒரு கோப்பின் உச்ச அளவையும் கோப்புகளின் எண்ணிக்கையையும் கொடுங்கள். கொடுத்த பிறகு டாக்கரை மறுதொடக்கம் செய்தால் மட்டும் போதாது. புதிய வரம்பு புதிதாக உருவாக்கும் கன்டெய்னர்களுக்குத்தான் பொருந்தும். பழையவற்றை நீக்கி மறுபடி உருவாக்க வேண்டும். லோக்கல் என்ற இன்னொரு இயக்கி தானாகவே சுழற்றிக்கொள்கிறது: ஒரு கன்டெய்னருக்கு 20 எம்பி வீதம் 5 கோப்புகள்.

சிஸ்டம்டியின் ஜர்னல் அவ்வளவு மோசமில்லை. கோப்பு முறைமையின் 10 விழுக்காடு, அதிலும் 4 ஜிபிக்கு மிகாமல் என்று தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது.

## ரொட்டேட் ஆன பிறகு புதிய கோப்பு காலியாகவே இருக்கிறது

லாக்ரொட்டேட் பழைய கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. நிரல் பிடித்திருப்பது பெயரை அல்ல, ஐநோடை. எனவே அது பெயர் மாறிய பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கிறது. புதிய கோப்பு காலி, பழையது வளர்கிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டாம்.

முறையான தீர்வு, ரொட்டேட் ஆன பின் நிரலுக்கு ஒரு சிக்னல் அனுப்பிக் கோப்பை மறுபடி திறக்கச் சொல்வது. பல சேவைகளுக்கு அது ஹப், என்ஜின்எக்ஸுக்கு யூஎஸ்ஆர்1. பைதானில் வாட்ச்டுஃபைல்ஹேண்ட்லர் என்ற ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் தானே புதிதாகத் திறந்துகொள்ளும்.

சிக்னலைப் புரிந்துகொள்ளாத நிரல்களுக்காகக் காப்பிட்ரன்கேட் என்ற முறையைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தை வெறுமையாக்கும் முறை அது. நகலெடுப்பதற்கும் வெறுமையாக்குவதற்கும் இடையே எழுதப்பட்ட வரிகள் காணாமல் போகும். அதைவிட விசித்திரமான ஒன்றும் நடக்கும். நிரல் அந்தக் கோப்பைச் சேர்த்தெழுதும் முறையில் திறக்காமல் இருந்தால், வெறுமையாக்கிய பிறகும் தான் கடைசியாக நின்ற இடத்திலிருந்தே எழுதும். முன்பு 3 ஜிபியில் நின்றிருந்தால் புதிய வரி 3 ஜிபி தள்ளிப் போய் விழும். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் பூஜ்ய பைட்டுகள். அடைவுப் பட்டியலில் கோப்பு 3 ஜிபி என்று காட்டும், டியூ சில கேபி என்று காட்டும், கிரெப் கட்டளையோ வரியைக் காட்டாமல் பைனரி கோப்பு பொருந்துகிறது என்று மட்டும் சொல்லும். கிரெப்புக்கு சிறிய ஏ விருப்பம் கொடுத்தால் உரையாகவே கொண்டு தேடும். நிரந்தரத் தீர்வு, நிரல் கோப்பைச் சேர்த்தெழுதும் முறையில் திறப்பது.

ரொட்டேட்டே நடக்கவில்லையா? லாக்ரொட்டேட்டை சிறிய டி விருப்பத்தோடு இயக்குங்கள். எதையும் மாற்றாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும். அடைவில் குழுவுக்கு எழுதும் உரிமை இருந்தால் பாதுகாப்பு இல்லை என்று சொல்லி அந்தக் கோப்பைத் தவிர்த்துவிடும். அமைப்பில் எஸ்யூ என்ற வரியில் பயனரையும் குழுவையும் குறிப்பிட வேண்டும். இன்னொன்று: 100 எம்பி ஆனதும் சுழற்று என்று எழுதிவைத்தாலும், லாக்ரொட்டேட் ஓடும் நேரத்தில்தான் அந்த அளவைப் பார்க்கும். பெரும்பாலான நிறுவல்களில் அது நாளுக்கு ஒருமுறைதான் ஓடுகிறது.

பைதானின் ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லரைப் பல ப்ராசஸ்கள் ஒரே கோப்பில் பயன்படுத்தினால் ஒன்று சுழற்றும்போது மற்றது பழையதில் எழுதிக்கொண்டிருக்கும். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

டெயிலைத் திறந்து வைத்துக்கொண்டு நள்ளிரவுக்குப் பின் லாக் நின்றுவிட்டது என்று பதறுபவர்கள், சிறிய எஃப் விருப்பத்துக்குப் பதில் பெரிய எஃப் போட்டுப் பாருங்கள். சிறியது கோப்பைப் பின்தொடரும். பெரியது பெயரைப் பின்தொடரும்.

## இடையில் சில வரிகள் மட்டும் காணவில்லை

சுமை கூடும்போது மட்டும் காணாமல் போனால் யாரோ வேண்டுமென்றே விடுகிறார்கள். ஜர்னல்டி ஒரு சேவையிலிருந்து 30 நொடிக்கு 10000 செய்திகள் என்ற அடிப்படை வரம்பை வைத்திருக்கிறது. டிஸ்க்கில் காலியிடம் அதிகமாக இருந்தால் அது ஓரளவு தளரும். மீறியதை விட்டுவிட்டு, இத்தனை செய்திகள் அடக்கப்பட்டன என்று ஒரு வரி எழுதும். அந்த வரியை ஜர்னலில் தேடுங்கள். வரம்பை உயர்த்துவதற்கு முன் 30 நொடியில் 10000 வரி எதற்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது. எனக்குத் தெரிந்த வரையில் பதில் பெரும்பாலும் ஒரு சுழலுக்குள் மறந்துபோய் விட்டுவைத்த டீபக் வரியாகவே இருந்திருக்கிறது.

லாக்பேக்கின் அசிங்க்அப்பெண்டர் இன்னொரு சந்தேகத்துக்குரியது. அதன் வரிசையில் இயல்பாக 256 செய்திகளுக்குத்தான் இடம். அதில் 20 விழுக்காடு இடமே மிஞ்சியதும் ட்ரேஸ், டீபக், இன்ஃபோ ஆகியவற்றைக் கைவிட்டு வார்னிங்கையும் எரரையும் மட்டும் வைத்துக்கொள்ளும். எரர் இருக்கிறது, அதற்கு முன்னால் நடந்தது எதுவும் இல்லை என்றால் இங்கே பாருங்கள்.

லாக்கைப் பிணையத்தில் அனுப்பும் சிஸ்லாக், சேர்ந்ததா என்று பார்க்காத யூடிபி 514 வழியாகப் போகிறதா? வழியில் விழுந்ததைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். டிசிபிக்கு மாறுங்கள்.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸில் லாக் கோப்பு 10 எம்பியைத் தாண்டியதும் சுழற்றப்படும்; இயல்பாக 5 கோப்புகள் இருக்கும். ஆனால் லாக்ஸ் கட்டளை கடைசிக் கோப்பை மட்டுமே படித்துக் காட்டும். கன்டெய்னர் செத்து மறுபடி எழுந்திருந்தால் ப்ரீவியஸ் விருப்பம் கொடுத்து முந்தையதைக் கேளுங்கள். கன்டெய்னரைத் தாங்கும் பாட் நீங்கிவிட்டால் அதுவும் இல்லை.

சர்வரை மறுதொடக்கம் செய்ததும் ஜர்னலில் பழையவை மறைந்துவிட்டனவா? வார் லாக் அடைவின் கீழ் ஜர்னல் என்ற உள்ளடைவு இல்லாத கணினிகளில் அது நினைவகத்தில்தான் எழுதப்பட்டு வருகிறது. அந்த உள்ளடைவை உருவாக்கி ஜர்னல்டியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

## வரி இருக்கிறது, ஆனால் உடைந்து, சிதைந்து, தேடலில் சிக்காமல்

பிழை எந்த அழைப்புகள் வழியாக வந்தது என்று காட்டும் பிழைத் தடம் 40 வரிக்கு நீளும். சேகரிப்பானோ ஒவ்வொரு வரியையும் தனிச் செய்தியாக எண்ணும். ஒரு நிகழ்வு, ஒரு வரி என்று ஜேசன் வடிவில் எழுதுவதுதான் நிம்மதி. அப்போதும் 16 கேபிக்கு மேற்பட்ட வரியை டாக்கர் துண்டுகளாக்கும். துண்டுகளை ஒட்டும் வசதி சேகரிப்பானில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஒரு செய்தி 1024 பைட்டுக்கு மிகக் கூடாது. தமிழில் செய்தி எழுதுபவர்கள் இதைச் சீக்கிரமே தொடுவார்கள். யூடிஎஃப்8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; "கொ" என்ற ஒற்றை எழுத்து இரண்டு குறியீடு, 6 பைட். பைட் கணக்கில் வெட்டும்போது எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழும், வரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி மட்டும் நிற்கும்.

கண்ணெதிரே தெரியும் சொல்லைத் தேடல் கண்டுபிடிக்கவில்லையா? கோப்பு விண்டோஸில் பவர்ஷெல் 5.1இன் திருப்பிவிடும் குறியால் பிறந்ததா என்று கேளுங்கள். அது யூடிஎஃப்16இல் எழுதுகிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் நடுவே பூஜ்ய பைட் இருப்பதால் சாதாரணத் தேடல் கடந்து போய்விடும்.

ஒருவரும் செய்யாத செயல் லாக்கில் பதிவாகியிருந்தால் வேறு விஷயம். பயனர் தந்த உரையில் புதுவரிக் குறி இருந்து, அதை அப்படியே எழுதியிருந்தால், அவர் உங்கள் லாக்கில் போலி வரி ஒன்றை நுழைத்துவிட முடியும். எழுதும் முன் புதுவரிக் குறிகளை மாற்றிவிடுங்கள். ஜேசனாக எழுதினால் அது தானே நடக்கும். பயனர் உரையை லாக் நூலகம் அளவுக்கு மீறிப் படித்துப் பொருள் கொண்டதால் வந்ததுதான் 2021 டிசம்பரில் வெளியான லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை, அதாவது சிவிஇ-2021-44228. அந்த நூலகமான லாக்4ஜே 2 இன்னும் பழைய பதிப்பில் இருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு முதலில் 2.17.1 அல்லது அதற்குப் பிந்தையதாக மாற்றிவிட்டு வாருங்கள்.

ஜாவாவில் நல்பாயின்டர் பிழை தடமே இல்லாமல் வெறும் பெயராக வருகிறதா? லாக் அமைப்பைக் குறை சொல்ல வேண்டாம். ஒரே இடத்தில் அதே பிழை திரும்பத் திரும்ப எழுந்தால், வேகத்துக்காக, ஜாவாவை இயக்கும் ஹாட்ஸ்பாட் தடத்தை விட்டுவிடுகிறது. பழைய லாக்கில் பின்னோக்கிப் போங்கள். முதல் சில முறை முழுத் தடத்தோடு வந்திருக்கும். ஓமிட்ஸ்டாக்ட்ரேஸ்இன்ஃபாஸ்ட்த்ரோ என்ற கொடியை அணைத்தால் எப்போதும் வரும்.

## நேரம் பொருந்தவில்லை

2001இல் ஆர்எஃப்சி 3164 என்ற இணைய ஆவணம் விவரித்த பழைய சிஸ்லாக் நேரத்தில் ஆண்டும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. டிசம்பர் 31 இரவு நடந்ததை ஜனவரி 2 அன்று தேடும்போது இதன் அருமை தெரியும். 2009இன் ஆர்எஃப்சி 5424 இரண்டையும் தருகிறது. எல்லா சர்வர்களிலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில், மில்லிநொடியோடு எழுதுங்கள். உள்ளூர் நேரமாக மாற்றுவது பார்க்கும் திரையின் வேலை.

அப்படியும் இரண்டு சர்வர்களின் கடிகாரம் சில மில்லிநொடிகள் விலகியே நிற்கும். எது முதலில் நடந்தது என்பதை நேரத்தை வைத்துத் தீர்மானிக்காமல், கோரிக்கைக்கு ஓர் அடையாள எண் கொடுத்து எல்லா வரிகளிலும் அதைச் சுமந்து போகச் செய்யுங்கள்.

## லாக் போட்டதும் நிரல் மெதுவாகிவிட்டது

டீபக் அணைந்திருந்தும் மெதுவாக இருந்தால், வரிக்கான உரையை நிரல் முதலில் கட்டிவிட்டு, அதன்பின் அது வேண்டாம் என்று எறிகிறது. உரையை நீங்களே ஒட்டாமல், வார்ப்புருவையும் மதிப்புகளையும் தனித்தனியாக லாகரிடம் கொடுங்கள்; தேவைப்பட்டால் மட்டும் அது கட்டிக்கொள்ளும். மதிப்பைப் பெறவே தரவுத்தளத்துக்குப் போக வேண்டியிருந்தால் முதலில் நிலையைக் கேட்டுவிட்டு அதன்பின் போங்கள்.

## லாக்கில் இருக்கக் கூடாதது இருக்கிறது

கடவுச்சொல், டோக்கன், அட்டை எண். பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது: 2018 மே மாதம் ட்விட்டர், கடவுச்சொற்கள் ஹேஷ் ஆவதற்கு (மீட்க முடியாதபடி மாற்றப்படுவதற்கு) முன்பே உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டதாக அறிவித்து, கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வதைப் பரிசீலிக்கும்படி 33 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களைக் கேட்டுக்கொண்டது. பெரும்பாலும் வழி இதுதான்: யாரோ ஒருவர் பிழை தேடும் அவசரத்தில் முழுக் கோரிக்கையையும் தலைப்புகளோடு சேர்த்து எழுதச் செய்திருப்பார், பிறகு அதை எடுக்க மறந்திருப்பார்.

கண்டதும் கோப்பைத் துடைக்க ஓடாதீர்கள். முதலில் அந்த டோக்கனைச் செல்லாததாக்குங்கள், கடவுச்சொல்லை மாற்றச் செய்யுங்கள். வெளியேறியது வெளியேறியதுதான் என்று வைத்துக்கொண்டு நடங்கள். இரண்டாவதாக, எழுதும் வரியை நிறுத்தி, ரகசியப் புலங்களை மறைக்கும் வடிகட்டியை ஹேண்ட்லரில் பொருத்துங்கள். லாகரில் பொருத்தினால் மகன் லாகர்களிலிருந்து மேலேறி வரும் வரிகளுக்கு அது பொருந்தாது. அதற்குப் பிறகுதான் துடைப்பது. கோப்பு, சுழற்றி அழுத்திவைத்த பழைய கோப்புகள், ஜர்னல், சேகரிப்பானின் தேடல் தளம், காப்புப் பிரதிகள் என்று எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கும். தொடக்கத்தில் வரியைத் தேடிப் போன அதே பாதையில், இப்போது அதை அழித்துக்கொண்டே போக வேண்டும்.